மாத்திரைக்கும் முதல் வாய்க்கும் நடுவே

முதலில் வேர்த்தது உள்ளங்கை. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வேனில் பிள்ளைகள் குளிரில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் ஸ்டீயரிங் வழுக்கியது. மேலகரம் தாண்டும்போது முன்னால் போன ஒரே பஸ் இரண்டாகத் தெரிந்தது.

வண்டியை ஓரங்கட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டேன். அதுவரைதான் உடம்பு நான் சொன்னதைக் கேட்டது.

வீட்டில் அப்பாவோ அம்மாவோ சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பள்ளி வேன் ஓட்டுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சர்க்கரை இருப்பது முன்பே தெரியும். காலை உணவுக்கு முன் ஒரு மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பல் தேய்த்ததும் முதல் வேலையாக அதைப் போட்டுவிடுவேன். முதல் நடை முடித்து வந்து சாப்பிடுவேன். சீசன் தொடங்கியதும் குற்றாலம் ரோடு முழுக்க வெளியூர்க் கார்கள். ஐந்தருவிப் பக்கத்துப் பிள்ளைகளை மணியடிக்குமுன் தென்காசியில் இறக்க வேண்டுமானால் விடியுமுன்னே கிளம்ப வேண்டும். சாப்பாடு முதல் நடையிலிருந்து இரண்டாம் நடைக்குத் தள்ளிப்போனது. மாத்திரை மட்டும் எழுந்த கையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தது. என் மனைவி முத்துலட்சுமி கட்டிக்கொடுத்த இட்லி, டிபன் பாக்ஸோடு எனக்குப் பக்கத்தில் சவாரி செய்தது.

அன்று பின்னால் வந்த வேன் சுடலையுடையது. அவனும் நானும் ஒரே தெரு, சேர்ந்து லைசென்ஸ் எடுத்தவர்கள். என் கல்யாணப் பந்தியில் இலை போட்டவன் அவன். நான் பீடிகூடத் தொடாதவன் என்பது முத்துலட்சுமிக்கு அடுத்தபடியாக அவனுக்குத்தான் தெரியும்.

கதவைத் திறந்தான். “என்னலே கணேசா, ரோட்டுல இப்படி நிறுத்திருக்க?”

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு தடித்துக் குழறியது. அவன் குனிந்து என் வாயை மோந்து பார்த்தான். மறுபடியும் மோந்து பார்த்தான். வெறும் வயிற்றின் வாடையைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

நிமிர்ந்து, பிள்ளை ஒன்றின் அப்பாவுக்குப் போன் போட்டான். “அண்ணாச்சி, கணேசன் காலங்காத்தாலயே போட்டுட்டு வந்துருக்கான். பேச்சே வரல. நீங்க பயப்படாதிய, பிள்ளையள நான் ஏத்திட்டுப் போறேன்.”

காது நன்றாகவே கேட்டது. பதில் சொல்ல நாக்குதான் இல்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக அவன் வண்டிக்கு மாறினார்கள். என் மகள் செல்வியும் அதில் உண்டு, ஏழாம் வகுப்பு. “ஏட்டி, நீயும் வா” என்று சுடலை கூப்பிட்டான். பையைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போய்விட்டாள்.

அந்த வழியே வந்த ஆட்டோக்காரர் ஒருவர் என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினார். நரம்பு வழியாகக் குளுக்கோஸ் (நேராக ரத்தத்தில் சேரும் சர்க்கரை நீர்) ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் நாக்கு திரும்பி வந்தது.

“மாத்திரை எப்பப் போட்டீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“எந்திரிச்சதும் போட்டுட்டேன்.”

“எப்பச் சாப்பிட்டீங்க?”

“இன்னும் இல்ல. இட்லி வண்டியில இருக்கு.”

“வண்டிக்கா சுகர்? வயித்துல இருக்க வேண்டாமா?”

இதற்கு லோ சுகர் (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது) என்று பெயர். என் மாத்திரை சர்க்கரையை இறக்கும் வகை. சாப்பாடு வருகிறதா என்று அது காத்திருக்காது. மூளைக்குச் சர்க்கரை போதாமல் போனால் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். பார்ப்பவர்களுக்குக் குடித்தவன் மாதிரியே இருக்கும்.

ஆனால் மோந்து பார்த்தவனுக்கு?

சாயங்காலம் சுடலை வீட்டுக்குப் போனேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“மோந்து பாத்தியேலே. என்ன வாடை அடிச்சுது?”

“அவசரத்துல என்னத்தக் கண்டேன்? பிள்ளையெல்லாம் பத்திரமாப் போய்ச் சேரணும்னு பாத்தேன். நீ ஒண்ணையும் பெருசா எடுத்துக்கிடாத.”

“வாடை அடிச்சுதா, இல்லையா?”

அவன் வாளியோடு வண்டிக்குப் பின்பக்கம் போய்விட்டான். என் வண்டிப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த வாரமே அவனுக்குப் போனார்கள்.

அன்று ராத்திரி வீட்டில் செல்வி கேட்டாள்: “அப்பா, நீ குடிச்சியா?”

“இல்ல மக்கா.”

“பெறகு சுடலை மாமா ஏன் அப்படிச் சொன்னாவ?”

உடம்பு ஏன் ஏமாற்றியது என்று டாக்டரம்மா விளக்கிவிட்டார். இதை விளக்க ஆள் இல்லை.

மறுநாள் காலையிலிருந்து மாத்திரை அட்டை செல்வியின் கைக்குப் போனது. கேட்டால், “தட்டு எங்க?” என்பாள். தட்டு முன்னால் வந்த பிறகுதான் மாத்திரை. போட்டதும் தாமதமில்லாமல் சாப்பாடு. இதற்காக முத்துலட்சுமி விடியுமுன் பெரிய சமையல் செய்வதில்லை. இரவே ஊறப்போட்டு காலையில் அவித்த பாசிப்பயறு, கேப்பை (கேழ்வரகு) மாவில் இரண்டு தோசை, ஒரு முட்டை. செல்வியும் உட்கார்ந்து என்னோடு சாப்பிடுகிறாள். ஒன்றும் முடியாத நாளில் நேற்றைய இட்லி மாவு இருக்கவே இருக்கிறது. நேரமில்லை என்று முன்பு நான் சொன்னதெல்லாம் ரோட்டை நினைத்து. இப்போது என் காலைப்பொழுது, மாத்திரைக்கும் முதல் வாய்க்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் யாராவது இப்படி வேர்த்துக் குழறினால், முதலில் “சாப்பிட்டியா?” என்று கேளுங்கள். விழுங்க முடிந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பெரியவர்களைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பயந்துபோய் மாத்திரையை நிறுத்தவும் விடாதீர்கள்; அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சில பிள்ளைகள் என் வண்டிக்குத் திரும்பிவிட்டார்கள். சுடலை ரோட்டில் எதிரே வந்தால் ஹாரன் அடிக்கிறான். நான் அடிப்பதில்லை.

சர்க்கரை இப்போது சரியாக இருக்கிறது. ஒன்று மட்டும் சரியாகவில்லை. ஏறுகிற பிள்ளை என் பக்கம் குனிந்தால், என்னை அறியாமல் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். வாயில் தோசை வாடைதான் இருக்கும். இருந்தாலும் அடக்கிக்கொள்கிறேன்.

முன்சீட்டில் இருக்கும் செல்வி போன வாரம் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள்:

“மூச்ச விடுப்பா.”