பியானோ இல்லாத பியானோக் கச்சேரி

போன சனிக்கிழமை, டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் இக்காஸ்ட் ஊரின் ரயில் நிலையத்துக்கு ஒரு பியானோக் கலைஞரை அழைத்துவரப் போனேன். பெயர் ஹன்ன. கொரியாவில் பிறந்தவர். இரண்டு வயதில் தத்தெடுக்கப்பட்டு, இங்கே கிரின்ஸ்டெட் ஊரில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் மகளாக வளர்ந்தவர். இன்று ஐரோப்பாவின் பெரிய மேடைகளில் வாசிப்பவர்.

எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் ஆண்டு விழாவுக்கு அவரை வரச் சொன்னது நான்தான். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி!

தோளில் ஒரு சின்னக் கைப்பையோடு இறங்கினார். மண்டபத்துக்கு வந்தார். மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பியானோ எங்கே?"

நம் விழாக்களுக்கு வாசிக்க வருகிறவர் என்ன செய்வார்? கீபோர்ட், ஸ்டாண்ட், வயர் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு வருவார். மிருதங்கக்காரர் மிருதங்கத்தோடு வருவார். பியானோக்காரர் பியானோவோடு... அதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை!

மணி மூன்று. நாலுக்கு நிகழ்ச்சி. சபைச் செயலாளர் தேவன் அண்ணை என் காதுக்குள் சீறினார்.

"பியானோக்காரியைக் கூப்பிட்டனீர், பியானோவைக் கூப்பிடேல்லையோ? அங்க ரண்டர்ஸ் ஊரிலயிருந்தும் சனம் வருது. என்ன காணும் செய்யப்போறீர்?"

"எங்கட கீபோர்ட் கிடக்குதெல்லே, அண்ணை?"

"அதிலயோ? விசரே உமக்கு?"

ஹன்னவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் முகங்களைப் படிக்கத் தெரிந்தது. "திரும்பிப் போக அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?" என்று அமைதியாகக் கேட்டார்.

போச்சு!

அப்போதுதான் மனைவி றஜனி வேலை செய்யும் முதியோர் இல்லம் நினைவுக்கு வந்தது. காரில் ஐந்தே நிமிடம். போன் போட்டேன்.

"ஓம், பியானோ இருக்கு. ஆனா மூண்டு கட்டை சத்தமே போடாது. பொறுங்கோ, கேட்டுச் சொல்லுறன்." ஒரு நிமிடம் கழித்து, "வரட்டாம். ஆனா இங்கத்தைய ஆக்களும் இருந்து கேக்கவேணுமாம்."

அந்த மூன்று கட்டைகளை மறைக்கலாமா? மனசு வரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு உண்மையைச் சொன்னேன்.

ஹன்ன சிரித்துவிட்டார்.

"மூன்றுதானா? எங்கள் வீட்டில் ஐந்து. மூடிய பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து அப்பா டிரெய்லரில் கட்டி இழுத்து வந்த பியானோ. ஏழு வருடம் அதில்தான் படித்தேன். வாருங்கள், போவோம்."

பட்டுச்சேலைகளும் ரோல்ஸ் பலகாரப் பெட்டிகளுமாக சபை முழுவதும் கார்களில் கிளம்பியது.

அங்கே போனதும் அவர் இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டையாக அழுத்தினார் — டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பதுபோல. பிறகு நிகழ்ச்சித் தாளில் இரண்டு உருப்படிகளை பென்சிலால் வெட்டி, வேறு இரண்டை எழுதினார்.

"இவற்றில் அந்த மூன்றும் வராதா?" என்றேன்.

"ஒரு இடத்தில் வரும். நீங்கள் கண்டுபிடிக்க மாட்டீர்கள்."

ஒரு மணி நேரம் வாசித்தார். சக்கர நாற்காலிகளில் டெனிஷ் பெரியவர்கள், பக்கத்தில் எங்கள் சனம். என் காது அந்த ஓட்டையைத் தேடிக்கொண்டே இருந்தது... கடைசிவரை அகப்படவில்லை. பெரிய மேடைகள் அவருக்குப் பெயரைக் கொடுத்திருக்கலாம். இந்தத் துணிச்சலைக் கொடுத்தது டிரெய்லரில் வந்த பியானோதான்.

வேறொரு ஆராதனையை முடித்துக்கொண்டு கடைசியில் வந்த போதகர், நிரம்பிய கூடத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்தார்.

"வயசுபோன சனத்தோட சேத்து விழாவை வைக்கவேணுமெண்டு யோசிச்சீரே, தம்பி! நல்ல மனசு உமக்கு."

தேவன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

போதகரிடம் பொய் சொல்லக்கூடாது, பாருங்கள்... அதனால் நான் வாயே திறக்கவில்லை.