மிச்ச வசனம்

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. பிரசங்கம் பண்ணுகிறவர் ஒரு வசனத்தைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினால், மிச்சத்தை உட்கார்ந்திருக்கிறவர்கள் சேர்ந்து சொல்லி முடிப்போம். கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்த புதிதில் எனக்கு அது பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பக்கத்துக் கோட்டையூரில் ஒரு வீட்டில் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் ஜெபக்கூட்டம் நடத்த வந்தார். நல்ல குரல், அதைச் சொல்லத்தான் வேண்டும். டிவியில் சண்டைச் செய்தி வந்தாலும், எங்கோ பூமி அதிர்ந்தாலும், அதைக் காட்டி இந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குள் ஆண்டவர் வந்துவிடுவார் என்பார். மருந்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு விசுவாசம் குறைச்சல் என்பார்.

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. மரப்பட்டறையில் உளி விழுந்து காலில் ஒரு புண் வேறு. அவர் அந்தப் பேச்சைக் கேட்டு இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார்.

"ஆண்டவரு வரப்போற நேரத்துல ஊசி என்னத்துக்குடி?"

"வர்றவரை ரெண்டு காலோட நின்னு கும்பிட வேணாமா? புண்ணு நாறுதுங்க, மூக்குல ஏறலையா?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் தெருவே கேட்கும். அவரோ என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவருடைய அக்காவிடம் போய் அழுதேன். என் மதினி சத்தம் போடுகிற ரகம் இல்லை. வேதத்தை எடுத்து, கடைசிக் காலத்தைப் பற்றி இயேசு சொன்ன அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தார். தனியாக ஒரு வசனத்தைப் பிய்த்து எடுக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. "மொத வார்த்தையே, யாரும் உங்கள ஏமாத்திறாம பாத்துக்கங்கன்னுதான் இருக்கு. நாளைக்கி நானும் கூட்டத்துக்கு வாரேன்" என்றார்.

மறுநாள் மூவரும் டவுன் பஸ்ஸில் போனோம். கூடத்தில் நிற்க இடமில்லை; பாதிக்கு மேல் எங்கள் சபைக்காரர்கள். ஊழியக்காரர் யுத்தங்களைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள் என்ற வசனத்தைச் சொல்லி, எல்லாரும் நடுங்கட்டும் என்று நிறுத்தினார்.

அங்கேதான் மனுஷன் மாட்டினார். நிறுத்தினால் எங்கள் ஊர்க்காரர்கள் முடிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது போல. கலங்க வேண்டாம், இதெல்லாம் நடக்க வேண்டியதுதான், ஆனால் முடிவு உடனே வந்துவிடாது என்று வசனத்தின் மிச்சத்தை மதினி கணீரென்று எடுத்தார். இரண்டாவது வார்த்தையிலேயே மொத்தக் கூடமும் சேர்ந்துகொண்டது. என் வீட்டுக்காரரும்தான். சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய வாய் அல்லவா? சொல்லி முடித்த பிறகு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் வாயிலிருந்து வந்ததை அவரே அப்போதுதான் கேட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

ஊழியக்காரர் அவசரமாகப் பாட்டுக்குத் தாவினார். திரும்பி வந்து வீட்டுப் படி ஏறும்போது என் வீட்டுக்காரர், "ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார்.

கால் விரல் இரண்டு போயிற்று. இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்றார் டாக்டர். நான் அந்த ஊழியக்காரரை வாய்க்கு வந்தபடி வைதேன். மதினி ஏதோ பழக்கத்தில்தான் அன்று வசனத்தை முடித்தார், நம் நல்ல நேரம் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

மதினியோ தம்பியின் கட்டுப்போட்ட காலைத் தொட்டுக்கொண்டு அழுதார். "நாலு பேரு முன்னால வாய் தொறக்க எனக்கு எம்புட்டுப் பயம்னு ஒனக்குத் தெரியும்லடா. அவரு வசனத்த எப்ப நிறுத்துவாரு, எப்ப நிறுத்துவாருன்னு ஒன்னைய மட்டும் பாத்துக்கிட்டே இருந்தேன்டா தம்பி."