மாலாவின் கணக்குத் தபசு

சங்கரனும் நாராயணனும் ஒரே திருமேனியிற் பொருந்தி அருள்புரியும் சங்கரன்கோவிலில், விசைத்தறி நெசவாளர் பாண்டியராஜனின் இல்லாள் மாலா. பத்தாம் வகுப்பில் ஏனைய பாடங்கள் யாவும் தேறி, கணக்கில் மட்டும் தவறி, மணம் முடித்து வந்தவர். காலையில் அங்கன்வாடியில் உதவியாளர். மாலையில் கணவருடன் தறியில். உதவியாளர் நிலையிலிருந்து பணியாளராக உயர அந்த ஒரு தாள் வேண்டும். வயது வரம்பும் நெருங்கிவிட்டது. இவ்வாண்டு தவறினால் மறுவாய்ப்பில்லை. ஆதலின் தனித்தேர்வராக விண்ணப்பித்திருந்தார்.

பெருந்தொற்று வந்து பள்ளிகளை அடைத்தது. மகள் கோமதியும் அவ்வாண்டு பத்தாம் வகுப்பே. பள்ளி மாணவர் அனைவரும் தேர்வின்றியே தேர்ச்சி என்னும் அறிவிப்பைக் கைப்பேசியில் கண்டதும் அவள் தறிக்கூடத்துக்கு ஓடி வந்தாள்.

"எம்மா, நான் எழுதாமலே பாஸு. நீ மட்டும் எழுதித்தான் ஆவணுமாம்."

"சிரிக்காதட்டி. பதினொண்ணுல கணக்கு குரூப்பு கேக்கேல்லா? எழுதாம பாஸானவளுக்கு என்ன தெரியும்னு நாளைக்கு வாத்தியார் கேப்பாரு. வா, எங்கூட உக்காரு."

அன்று தொட்டுத் தாயும் மகளும் ஒரே பாய், ஒரே பாடநூல். தறி ஓசைக்கு மேலே காரணிகளை உரக்கச் சொல்லிச் சொல்லி இருவர் தொண்டையும் கம்மிற்று. பாண்டியராஜனோ தறியின் நெடுக்கு நூலான பாவில் அறுந்த இழையை முடிந்தவாறே நகைப்பார்.

"நம்மூரு அம்மன் தபசு நின்னா, சாமி காட்சி குடுத்தாரு. உனக்கு எக்ஸு காட்சி குடுக்குமா?"

"குடுக்கும். நீங்க பாவப் பாருங்க, இன்னொரு இழை அந்து தொங்குது."

ஒரு கணக்கில் மட்டும் இருவரும் சிக்கினர். பதினாறு மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உடைய தோட்டம். அதன் வெளியே சுற்றிலும் ஒரே அகலத்தில் பாதை. பாதையின் பரப்பு நூற்றிருபது சதுர மீட்டர். பாதையின் அகலம் யாது? தாய்க்கு மூன்றே முக்கால் மீட்டர் வந்தது; மகளுக்கும் அதுவே வந்தது. நூலின் விடையோ இரண்டு.

"புஸ்தகம் தப்பும்மா. ரெண்டு பேருக்கும் ஒரே விடைல்லா வருது."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுச் சோறு திங்கோம், ஒரே தப்பு வராதாக்கும்?" என்றார் மாலா. எனினும் தவறு யாதென அவருக்கும் புலப்படவில்லை. இத்தகைய கணக்கொன்று தேர்வில் வந்தால் என் செய்வதென்னும் கவலை நெஞ்சை அரித்தது.

திருக்கோயிலும் அடைத்திருந்த காலம் அது. அடியார்கள் கோபுரத்தை வெளியே நின்று தொழுது, ரத வீதிகளை வலம்வந்து மீள்வர். மாலாவும் மறுநாள் வைகறையில் அவ்வாறே வலம்வந்தார். நெடுவீதி முடிந்து மூலை திரும்பியதும் கால் நின்றது. வாழ்நாள் முழுதும் அவர் கண்ட கரை சேலைக் கரையே. அது நீளவாக்கில் இரு பக்கம் மட்டும் ஓடும். தோட்டத்துப் பாதைக்கும் அவ்வாறே இரு பக்கம் மட்டும் கரை கட்டியிருந்தனர், அன்னையும் மகளும். பாதையோ இவ்வீதிகளைப் போல நாற்புறமும் சூழ்வது. வலத்தை முறையாக நிறைவு செய்து, கோபுரத்தை நோக்கிக் கைகூப்பிய பின்னரே விரைந்து வீடு சேர்ந்தார்.

"ஏட்டி, எந்திரி. நாம சேல நெய்ஞ்சிருக்கோம். நாலு பக்கமும் பாத உண்டும்."

கோமதி பாயிலிருந்தபடியே போட்டுப் பார்த்தாள். "இப்பவும் ரெண்டு வரலியேம்மா."

"மூலைய விட்டுட்டியே. நாலு மூலைக்கும் நாலு சதுரம் கிடக்கு பாரு. எக்ஸு ஸ்கொயரு அங்கனதான் ஒளிஞ்சிருக்கு."

விடை இரண்டாகவே வந்தது. பாண்டியராஜன் எட்டிப் பார்த்து, "காட்சி கிடைச்சிட்டு போல" என்றார்.

தேர்வு எழுதி வந்தவர், "தெரிஞ்சதப் போட்டேன்" என்றவாறே தறியில் அமர்ந்தார். முடிவு வெளியான நாளில் கோமதியே கைப்பேசியில் பார்த்தாள். தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். மாலாவுக்கு வந்தது அறுபத்திரண்டு.

"எனக்கு வெறும் பாஸுன்னு மட்டும் போட்டிருக்காவ, மார்க்கே இல்ல," என்று மகள் முகம் சுளித்தாள்.

"நீயும் எங்கூட உக்காந்து போட்டதுதான. பாதிய எடுத்துக்கோ."

"பாதின்னா முப்பத்தொண்ணு. ரெண்டு பேரும் பெயிலும்மா."

மாலா ஒரு கணம் எண்ணிப் பார்த்தார். "அப்பம் முழுசும் எனக்கே இருக்கட்டும்," என்று சொல்லி, பணியாளர் பதவிக்கு விண்ணப்பம் எழுத அமர்ந்தார்.