மருந்து போடாத தட்டு

லேபில் அவளுக்கு மின்மினி என்று பெயர். வேலை அப்படி. நோயை வளர்த்துவிடும் ஒரு நொதியைப் பிடித்து அடக்குகிற மருந்துக்குப் பச்சையாக ஒளிரும் வால் ஒன்றைக் கட்டிவிடுவாள். செல்லுக்குள் மருந்து எங்கே இருக்கிறதென்று அந்த வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். சொல்லத்தான் எளிது. வால் பெரிதானால் மருந்து நொதியில் ஒட்டாது, சிறிதானால் கண்ணுக்கே தெரியாது. இந்த இழுபறியில் மூன்று வருடம் போனது.

அந்த நோயில்தான் அவள் தம்பி இறந்தான். அதற்கு முன்பே தன் செல்களை ஆராய்ச்சிக்கு எழுதிக் கொடுத்திருந்தான். "செத்தாலும் உன் கையிலதான் சிக்கணுமாக்கா?" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான், படவா. ஆறு குப்பி செல்கள் உறையவைக்கப்பட்டன. வளர்த்தால் பெருகுகிற ஜாதியில்லை அவை. ஐந்து குப்பி தீர்ந்துவிட்டது.

ஐந்திலும் பச்சை வெளிச்சம் வந்தது. மருந்து அவனுக்குள் போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்லி அழுதாள். இருட்டறைத் திரையைப் பார்த்து, "லேட்டா வந்துட்டேன்டா, மன்னிச்சுக்கோ" என்பாள். அவன் அங்கே உட்கார்ந்து கேட்பதுபோலவே இருக்கும். வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

மைக்ராஸ்கோப்பைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருநாள் காலையில் படங்களைப் புரட்டினாள். "மருந்து போடாத தட்டு எங்கடி?"

"இதோ, இருட்டா இருக்கே."

"இது வெளியில வாங்குன செல்லு. உன் தம்பியோடது எங்க?"

அவள் அப்படி ஒன்று வைக்கவே இல்லை. அதே ஆளின் செல்லில், மருந்தில்லாமல் ஒரு தட்டு வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். முதல் வருட மாணவிக்கே தெரிந்த பாடம். தம்பியை வெறும் தட்டில் வீணாக்க மனசு வராமல் வேறு செல்லை வைத்துச் சமாளித்திருந்தாள். மனசு எப்படி ஐயா வரும்?

கடைசிக் குப்பியை உருக்கினாள். பாதி செல்கள் செத்திருந்தன. ஒரு தட்டுக்குத்தான் தேறியது.

"மருந்தா, வெறுமனேவா?" என்றாள் அக்கா.

"வெறுமனே" என்றாள் அவள்.

திரையில் பச்சை எழுந்தது. அதே பச்சை, துளி குறையவில்லை.

"சில நோயாளிங்க செல்லு தானாவே ஒளிரும்டி" என்று அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மாலையில் அம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ மருந்து அவனுக்குள்ள போகவே இல்லையா?"

"தெரியலம்மா."

"இன்னொரு தடவை நல்லாப் பாரேன்டி."

"பார்க்கிறதுக்கு இனிமே அவன் இல்லம்மா."