மேசையில் வைக்கக் கூடாத மெழுகுவத்தி

என் கைப்பையின் உள்ளறையில் விரல் நீளத்துக்கு ஒரு மெழுகுவத்தித் துண்டு கிடக்கிறது. பைகள் கிழிந்து மாறிவிட்டன. துண்டு மட்டும் பைக்குப் பை குடிமாறி வருகிறது. அதற்குக் காரணம் எங்கள் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த அக்கா.

பாளையங்கோட்டையில் ஆங்கிலம் கற்பிக்கச் சேர்ந்த முதல் வருடமே விக்டோரியா ராணி காலத்து நகைச்சுவை நாவல் ஒன்று என் தலையில் விழுந்தது. புதிதாக வந்த இளம் பாதிரியார் கோயில் மேசைமேல் இரண்டு மெழுகுவத்தி வைக்கிறார், ஊர்ப் பெரிய வீட்டம்மாள் அவரோடு பேச்சை நிறுத்துகிறாள், ஊரே இரண்டுபடுகிறது. இதற்கு நானூறு பக்கம். நான் விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளியின் மகள், இந்து. எனக்குச் சர்ச் என்றால் எல்லாம் சர்ச்தான். அடிக்குறிப்பை மனப்பாடம் செய்தேன்: புரொட்டஸ்டன்டுகளிலேயே சடங்கும் அலங்காரமும் வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், பிரசங்கமும் எளிமையும் போதும் என்பவர்கள் மறுபக்கம், இந்த இரண்டு பக்கமும் வேண்டாமென்று தனிக்கூடம் கட்டிப் போனவர்கள் இன்னொரு பக்கம். வகுப்பில் ஒப்பித்தேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை, அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய?

நூலகத்தில் போய்ப் புலம்பினேன். அக்கா பேனாவை மூடி வைத்தாள். “ஏட்டி, நீ எதுக்கு அம்புட்டுத் தூரம் சீமைக்குப் போவுத? எங் கல்யாணமே அந்த ரெண்டு மெழுகுவத்தியிலதான் நிக்கி.”

வெள்ளைக்காரர் காலத்தில் இந்தப் பக்கம் வந்த மிஷன்கள் இரண்டு. ஒன்று மெழுகுவத்தி ஏற்றியது, மற்றது ஏற்றவில்லை. பிறகு எல்லாம் ஒரே சபையாகிவிட்டது. வேதம் ஒன்று, பாட்டு ஒன்று, பேராயரும் ஒருவரே. ஆனால் அக்காவின் அப்பா பீடம் என்றதை அம்பாசமுத்திரத்து மாப்பிள்ளையின் அப்பா மேசை என்றார். பீடத்தில் மெழுகுவத்தி எரியாமல் மகளுக்குத் தாலி ஏறாது என்றார் இவர். மேசையில் விளக்கு ஏறினால் தான் கோயிலுக்குள் ஏறுவதில்லை என்றார் அவர். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சொன்னால் சொன்னதுதான். ஆறு வருடம் காத்திருந்த அக்கா இதைச் சிரித்தபடிதான் சொன்னாள். கண் சிவந்திருந்தது. அன்று எனக்கு நாவல் மறந்தேபோயிற்று.

கடைசியில் மகளின் அழுகைக்கு இரங்கி அப்பா இறங்கி வந்தார். மாப்பிள்ளையின் கோயிலில், மெழுகுவத்தி இல்லாமல் கல்யாணம். ஐப்பசி மாதம். காலை பத்து மணிக்கே வானம் இருண்டு மழை கொட்ட, கரன்ட் போயிற்று. குருவானவருக்குப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. கோயில் பணியாள் உள்ளேயிருந்து மெழுகுவத்தி ஒன்றை ஏற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கப் போனார்.

“ஏ, அதை அங்கன வைக்கப்பிடாது!” என்று எழுந்தார் தலைமையாசிரியர்.

“வச்சாத்தான் தாலி!” என்றார் கடைசி வரிசையிலிருந்து அக்காவின் அப்பா.

மேசையில் வைக்காமல் யாராவது கையில் பிடிக்கலாம்தான். பெண் வீட்டார் பிடித்தால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தோல்வி; பணியாள் உட்பட மாப்பிள்ளை பக்கத்தார் பிடித்தாலோ சரணாகதி. யாரும் அசையவில்லை. அக்காதான் முக்காட்டைத் தூக்கித் திரும்பி என்னைப் பார்த்தாள். “ஏட்டி, நீ வந்து பிடி.”

நெற்றியில் குங்குமத்தோடு போய் மேசையருகே நின்று பிடித்தேன். தலைமையாசிரியர் உட்கார்ந்தார். “கையில இருந்தா அது வெறும் வெளிச்சம்தான். பிடிக்கட்டும்.” “பீடத்துப் பக்கத்துலதான நிக்கா, போதும்” என்று அக்காவின் அப்பாவும் உட்கார்ந்தார். தாலி ஏறியது. மெழுகு வழிந்து கை சுட்டது. அடக்கிய சிரிப்பில் சுடர் ஆடியது. நாவலின் நானூறு பக்கமும் அந்த அரைமணி நேரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. கடைசி வரிசையில் அக்காவின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். எரிந்து மிஞ்சிய துண்டை என் பையில் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை வகுப்பில் இதைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்தது. இத்தனை வருடம் நான் இந்த வேலையில் சந்தோஷமாக இருந்ததற்கு அக்காவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

போன மாதம் அதே கோயிலில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். மின்விளக்குகள் ஜொலித்தன. மேசையில் இன்றும் மெழுகுவத்தி இல்லை. தொண்ணூறைத் தாண்டிய தலைமையாசிரியர் சக்கர நாற்காலியிலிருந்து என்னைக் கைகாட்டி அழைத்தார்.

“டீச்சர், மெழுகுவத்தி கொண்டாந்திருக்கியளா?”

பையைத் திறந்து துண்டைக் காட்டினேன். முன்னால் சாய்ந்து பார்த்தார். அக்காவின் அப்பா இறந்து மூன்று வருடமாகிறது.

“சம்பந்தி இருந்தா, இதை மேசையில வையின்னு இந்நேரம் சண்டைக்கு நின்னிருப்பாரு” என்றார். 

துண்டை அவர் கையில் வைத்தேன். கல்யாணம் முடியும்வரை அவர்தான் அதைப் பிடித்திருந்தார்.