ஹெட்போனில் கேட்ட ஊர்கள்

நேற்று மகள் ஹோம்வொர்க் பண்ணிக்கொண்டே போனில் ஏதோ பாட்டு போட்டிருந்தாள். ஒரே மழைச் சத்தம். அதற்கு அடியில் நசுங்கிப் போய், பல்கேரிய மலையூர்ப் பெண்கள் சிலர் பாடிக்கொண்டிருந்தார்கள். அறுவடை வயலில் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுத் தொண்டை கிழியப் பாடுகிற பாட்டு அது. அதன் தலையில் மழையை ஊற்றி, தூக்கத்துக்கான இசை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யார் இந்த அநியாயத்தைச் செய்தது என்று கரண்டியும் கையுமாகப் போய் நின்றேன். "இட்ஸ் ஜஸ்ட் ஃபார் ஃபோகஸ், மா" என்றாள்.

உங்களுக்கும் இது அற்பமாகத்தான் படும். எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

ஈரோட்டில் எம்.எஸ்சி. முடித்து, கல்யாணமாகி சான் ஹோசே வந்தேன். என்னுடையது வேலை பார்க்கக் கூடாத விசா. பகலெல்லாம் எனக்குத் துணை டிஷ்வாஷர் சத்தம்தான். நடக்கிற தூரத்தில் ஒரு லைப்ரரி இருந்தது. அங்கே உலக நாட்டுப்புற இசைக்கென்று ஓர் அலமாரி நிறைய சிடிக்கள். வீட்டுக்கு எடுத்துப் போக லைப்ரரி கார்டு கேட்டால் அட்ரஸ் ப்ரூஃப் வேண்டும் என்றார்கள். வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் எல்லாமே என் கணவர் பெயரில். "என் கார்டுல எடுத்துக்கலாம், வீக்கெண்ட் போலாம்" என்றார். வீக்கெண்டில் லிவர்மோர் கோயில் வந்தது, ஆளுக்கொன்று சமைத்து எடுத்துப்போகிற பாட்லக் விருந்து வந்தது, லைப்ரரி மட்டும் வரவே இல்லை.

அதனால் அங்கேயே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அந்தப் பல்கேரியப் பெண்களையும் முதலில் அங்கேதான் கேட்டேன். அர்மீனியாக்காரர்களின் குழல், சளி பிடித்த நாயனம் மாதிரி இருக்கும். மாலி நாட்டுக்காரர் ஒருவர் சுரைக்குடுவையில் கம்பி கட்டிய வாத்தியத்தை வாசித்தபோது, சாமி பாட்டு என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். கூட வந்த குட்டிப் புத்தகத்தைப் படித்தால், கஞ்சப் பெரிய மனுஷர் ஒருவரைக் கிண்டல் பண்ணுகிற பாட்டாம்.

பாட்லக்கில் ஒருமுறை இதைச் சொன்னேன். "பரவால்லம்மா, உனக்கு நல்லா டைம் பாஸ் ஆகுது" என்றார் ஓர் அங்கிள். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஒருநாள் போனால் அலமாரி காலி. யாருமே எடுப்பதில்லை, அதனால் கழித்துவிட்டோம் என்றார் அங்கிருந்தவர். தினமும் நான் கேட்கிறேனே என்றேன், தட்டுத் தடுமாறிய இங்கிலீஷில். வீட்டுக்கு எடுத்துப் போனால்தான் கணக்கு, இங்கே உட்கார்ந்து கேட்பதெல்லாம் சிஸ்டத்தில் வராது என்று பொறுமையாக விளக்கினார். அவ்வளவு நல்ல மனுஷர், திட்டக்கூட முடியவில்லை. கோபத்தை முழுங்கிக்கொண்டு வெயிலில் நடந்தே வீடு வந்தேன்.

அலமாரி இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் பொம்மை அச்சடிக்கிற மெஷின் நிற்கிறது. என்னிடம் கிரீன் கார்டு இருக்கிறது. கரண்ட் பில் என் பெயரில் வருகிறது. லைப்ரரி கார்டும் வாங்கியாகிவிட்டது. எடுக்கத்தான் அங்கே ஒன்றும் இல்லை.