எனக்கு என்ன வேண்டும்?

வங்காளத்தில், டாக்குரியாவில் குடியிருந்தபோது எனக்கு மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் பெண்கள். என் கணவருக்கு ஹவுராவில் ரயில்வே வேலை. ஒத்தாசைக்கு ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார்.

"இதோட இவளுக்கு ஆபரேஷன் பண்ணிடலாம்மா" என்பார் இவர்.

"ஆம்பளைப் பிள்ளை பிறக்காம எப்படிடா?" என்பார் மாமியார்.

இருவருக்கும் காபி கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். என்னை யாரும் கேட்டதில்லை. கேட்பார்கள் என்று நானும் நினைத்ததில்லை.

ஒன்பதாம் மாதத்தில், பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்படுவதைச் சமைத்துப் போடுவது வங்காளிகள் வழக்கம். அதற்காக எதிர்வீட்டுக்காரி என்னை அழைத்தாள். அண்ணி முறை வைத்து 'பௌதி' என்றுதான் அவளைக் கூப்பிடுவேன்.

"சொல்லு, உனக்கு என்ன வேணும்?" என்றாள்.

வாயைத் திறந்தேன். பிள்ளைகளுக்குப் பிடித்தது, இவருக்குப் பிடித்தது எல்லாம் நினைவுக்கு வந்தன. எனக்கு? பௌதி கரண்டியும் கையுமாகக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து, "மாங்காய். நீங்க போடற சர்க்கரை இல்லாம, நல்லாக் காரமா" என்றேன்.

மூன்றாவதும் பெண். மறுநாள் வார்டு வாசலில் டாக்டர் இவரிடம், "ஆபரேஷன் பண்ணிடலாமா?" என்று கேட்டார்.

"டாக்டர், என்னைக் கேளுங்க" என்றேன் கட்டிலிலிருந்து.

உள்ளே வந்து கேட்டார்.

"எனக்கு மூணு போதும். பண்ணிடுங்க."

இவர் விரும்பிய பதில்தான். ஆனாலும் வீடு திரும்பும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்சியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தேன். அதைச் சொன்னது நான் என்பதுதான் இவருக்கு ஆறவில்லை.